படலைக்கு வெளியே ஓர் ஆங்கிலப் பாடம்

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் ஒருமித்து ஆம் என்றபோது நான் மட்டும் பேசாமல் இருந்தேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்களான நம்மிடம் கருத்துக் கேட்க வந்த அந்த இளம் விரிவுரையாளர், நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடங்களில் நம்முடைய ஊரும் உணவும் வழக்கங்களும் இடம்பெற வேண்டாமா என்று கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. மாதிரிக்கென்று அவர் பகிர்ந்த வண்ணத்தாளில் ஒரு வீடும் ஓலை வேலியும் இருந்தன; வேலியின் வாசற்கதவான படலைக்கு வெளியே கூடையுடன் ஒரு மீன்காரி நின்றாள். உள்ளே நின்ற சிறுமி அவளிடம் ஆங்கிலத்தில் விலை கேட்டாள். "எங்கடை ஊர்மாதிரியே கிடக்கு" என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். தேநீர் வேளையில் உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "என்ன ரீச்சர், வாயே திறக்கேல்லை? உங்களுக்கு இப்பவும் வெள்ளைக்காரன்ரை புத்தகந்தானோ விருப்பம்?" என்று பகிடி பண்ணினார்.

அந்தப் பகிடிக்கு உரிய பதில் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக் கூடியதன்று. அதனால் எழுதுகிறேன். உங்களிற் பலர் என் வயதினர். வெண்கட்டித் தூசியில் என்னோடு சேர்ந்து இருமியவர்கள். ஆயினும் நாம் எல்லோரும் ஒரே படலைக்குள் வளர்ந்தவர்கள் அல்லர்.

எங்கள் வீடு வடகரையில், மயிலிட்டிக்கும் பருத்தித்துறைக்கும் இடையே, கடற்கரை வீதியை ஒட்டி இருந்தது. ஐயா என்று நாங்கள் அழைத்த அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளமும் வலைகளும் இருந்தன. அவரோடு தொழிலுக்குப் போக ஆட்களும் இருந்தார்கள். விடிந்ததும் கரையில் மீனைக் குவித்துக் கூறி ஏலம் விடுவார்கள். கேட்பவர்கள் விலையை ஏற்றிக் கேட்டு எடுத்துப் போவார்கள். அத்தோடு மீனுக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. அதைக் கூடையில் வைத்துச் சுமந்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் வேறு பெண்கள். அந்தப் பெண்களைவிட நாங்கள் ஒரு படி மேல் என்று அம்மா நினைத்திருந்தார். அந்த நினைப்பும் நல்லதன்று என்பதை இப்போது அறிவேன். அந்தக் காலத்தில் யாருக்கும் காலுக்குக் கீழே ஒரு படி தேவைப்பட்டது.

நானும் அக்காவும் படித்தது பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்திலிருந்த ஒரு சிறிய மிஷன் பள்ளிக்கூடம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. கட்டடமும் இப்போது இல்லை. போர்க்காலத்தில் செல் விழுந்து சரிந்த சுவர்களிலிருந்து கற்களை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நீண்ட ஒரே மண்டபத்தில் வகுப்புகளைப் பனையோலைத் தட்டிகளால் பிரித்திருந்தார்கள். தட்டி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்த அக்காவின் ஆங்கிலப் பாடம் முழுவதையும் அந்தத் தட்டிக்கு இப்பால் இருந்து கேட்டே வளர்ந்தேன். மழைக்காலத்தில் ஓலை நனைந்து புளித்த வாசம் அடிக்கும். இன்றைக்கும் எங்கேனும் நனைந்த ஓலையின் மணம் வந்தால் எனக்கு ஆங்கில வினைச்சொற்கள் நினைவுக்கு வருகின்றன.

பழைய வாசிப்புப் புத்தகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தடித்த மட்டை, உள்ளே எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளின் பெருவிரல் அழுக்கு. சிவப்புக் கோட்டு அணிந்த ஒரு சிறுமி நாக்கை நீட்டி வானத்திலிருந்து விழும் வெண்பனியைச் சுவைக்கும் படம் அதில் இருந்தது. அந்தப் பக்கம் வந்த நாளில் தட்டிக்கு அப்பால் பெரும் அமளி.

"பனி என்ன ருசி ரீச்சர்?"

"ஐஸ்பழம் மாதிரி இருக்கும், வேறை என்ன."

"நான் நுவரெலியா மலையிலை பாத்தனான்" என்றாள் அப்புக்காத்தின் மகள். அவளுடைய தந்தை ஊரில் பெயர்பெற்ற வழக்கறிஞர்.

"போடி, நீ பாத்தது புகார்மூட்டம்!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்தப் புத்தகத்தில் எங்களுக்கு உரியது ஒன்றுமே இல்லை என்று இப்போது நாம் குறை சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அங்கே மீன் விற்றவர்கூட உயரத் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர். வகுப்பில் யாருக்கும் அவர் சொந்தமில்லை. அந்த வெண்பனியை அப்புக்காத்தின் மகளும் தொட்டதில்லை, அக்காவும் தொட்டதில்லை. தெரியாத ஊருக்குள் எல்லோரும் ஒரே வாசலால் போனோம்.

அந்த ஆண்டு அக்கா பெரியபிள்ளையானாள். சடங்கு முடிந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா முற்றத்தில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார்: "இங்கிலீசு படிச்சு என்ன செய்யப்போறாள்? மீனோடை கதைக்கப்போறாளோ?"

ஐயா வலையின் கண்ணியைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, பிள்ளை ஒருநாள் சபையிலை எழும்பி இங்கிலீசு கதைக்கட்டும். ஊர் கேக்கட்டும், நானும் கேக்கிறன். அதுக்குப் பிறகு அவள் விரும்பின மட்டும் படிப்பாள், நீங்கள் ஒருத்தரும் என்னட்டைக் கதைக்க வரப்படாது. கதைக்காட்டில் நானே நிப்பாட்டுறன்."

ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆங்கில நாடகம் நடக்கும். அதில் பேச அக்காவுக்கு ஒரு பாத்திரம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அடுப்படி. வீட்டில் எல்லோருக்கும் இது விளங்கியிருந்தது. வகுப்பில் அக்காவின் ஆங்கிலத்தை மிஞ்ச ஆளில்லை என்பதால் நாங்கள் பயப்படவும் இல்லை.

அப்போதுதான் புதிய ஆங்கில ரீச்சர் வந்தார். உடுவில் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பம். பயிற்சிக் கல்லூரியில் புதிய முறைகளைக் கற்று வந்தவர். அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரம்பு எடுத்ததில்லை. தம் சொந்த அகராதியை அக்காவிடம் கொடுத்து, "வீட்டை கொண்டுபோ, ஆறுதலாய்த் தா" என்றவர். வந்த முதற் கிழமையிலேயே பழைய புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"வெள்ளைக்காரன்ரை குளிர் எங்களுக்கு ஏன் பிள்ளையள்? எங்கடை ஊரை இங்கிலீசிலை படிப்பம்."

தாமே பாடங்களை எழுதித் தட்டச்சில் அடித்து ரோணியோ இயந்திரத்தில் சுற்றிப் பிரதிகள் எடுத்தார். ஈரம் காயாத அந்தத் தாள்களின் மை வாசம் எனக்கு இன்னும் தலைக்குள் இருக்கிறது. பிழை திருத்தும் சிவப்புத் திராவகத்தின் நெடியும் அவருடைய சேலையில் எப்போதும் இருக்கும். முதற் பாடத்தில் புட்டு அவித்தார்கள். இரண்டாம் பாடத்தில் பனங்காய் விழுந்தது. தட்டிக்கு இப்பால் இருந்த நான், புட்டும் ஆங்கிலத்துக்குள் போகும் என்று கண்டு அடைந்த மகிழ்ச்சியை மறைக்கமாட்டேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப அவை எங்கடையைப் படிக்கத் தொடங்கீட்டினமாக்கும்" என்று அம்மா சிரித்தார்.

அடுத்து வந்தது "எங்கள் வீட்டுக்கு வருபவர்கள்" என்ற பாடம்.

அந்தப் புதிய முறையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பிற்காலத்தில் நாமும் அதைத்தான் செய்தோம். கரும்பலகையில் நிரல் நிரலாகச் சொற்களை எழுதுவது, பிள்ளைகள் ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஒன்றை எடுத்து வசனம் அமைப்பது. முதல் நிரலில் ஆட்கள்: தபாற்காரர், வைத்தியர், அப்புக்காத்து, மீன்காரி, உடுப்பு வெளுப்பவர், கள் இறக்குபவர். நடு நிரலில் வருகிறார். கடைசி நிரலில் இடங்கள்: விறாந்தை, முன்வாசல், படலை, பின்பக்கம், கிணற்றடி. ரீச்சர் பிரம்பு இல்லாத கையால் தாளம் தட்ட, வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் பாடத் தொடங்கியது. வைத்தியர் விறாந்தைக்கு வருகிறார். மீன்காரி படலைக்கு வருகிறாள். உடுப்பு வெளுப்பவர் பின்பக்கம் வருகிறார். யாரை எங்கே நிறுத்துவது என்று ரீச்சர் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஒரு பிள்ளையும் பிழைவிடவில்லை.

இதைத்தான் நான் பின்னாளில் நெடுகவும் நினைத்துப் பார்த்தேன். ரீச்சருக்கு அந்த அட்டவணையில் கள்ளம் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த வளவுக்குள் நின்று படலையைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். ஊர் என்றால் தம் முற்றத்திலிருந்து தெரிவது என்று அவர் நம்பியிருந்தார்.

பாட்டு முடிந்ததும், "இனி ஒவ்வொருத்தராய் எழும்பி உங்கடை வீட்டைப் பற்றி உண்மையான வசனம் சொல்லுங்கோ" என்றார். அக்காவின் முறை வந்தது. கதிரை பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய தெளிவான ஆங்கிலம்: அப்புக்காத்து எங்கள் விறாந்தைக்கு வருகிறார்.



"வசனம் சரி பிள்ளை" என்றார் ரீச்சர். "ஆனால் நான் உண்மையான வசனமெல்லே கேட்டனான்?"

"உண்மைதான் ரீச்சர்."

"எங்கடை அப்பா ஏன் உங்கடை வீட்டை வாறார்?" என்றாள் அப்புக்காத்தின் மகள்.

"வோட்டுக் கேட்டு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "சரி, சரி, இரு" என்று ரீச்சர் அவசரமாக அடுத்த பிள்ளையை எழுப்பினார்.

அப்புக்காத்து வந்தது உண்மை. தேர்தலுக்கு முன் ஒருநாள் மாலை நாலைந்து பேரோடு வந்தார். அம்மா கதிரையைக் கழுவித் துடைத்து விறாந்தையில் வைத்தார். அவரோ பூவரசு மரத்தடியில் நின்றபடியே ஐயாவோடு கதைத்தார். எங்கள் கோப்பையைத் தொடாமல், கண்முன்னே மூடி திறந்த சோடாவை மட்டும் போத்தலோடு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அக்காவின் வசனத்தில் விறாந்தை என்ற ஒரு சொல்தான் பொய். ரீச்சருக்கு அது தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

பரிசளிப்பு விழாவுக்கு அந்தப் பாடமே நாடகமாகியது. வீட்டுக்காரியாக அப்புக்காத்தின் மகள். மீன்காரியாக அக்கா.

பாத்திரங்களை அறிவித்த அன்று பள்ளிக்கூடம் விட்டபின் அக்கா ரீச்சரைத் தேடிப் போனாள். நான் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ரீச்சர் ரோணியோ இயந்திரத்தின் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் எல்லாம் மை.

"ரீச்சர், நான் வீட்டுக்காரியாய் நடிக்கட்டோ?"

"ஏன் பிள்ளை? மீன்காரிக்குத்தானே கனக்க வசனம். வீட்டுக்காரிக்கு அரைவாசிகூட இல்லை. உன்னை விட்டால் ஆர் உவ்வளவையும் பாடமாக்கிச் சொல்லுவினம்?"

"எங்கடை வீட்டிலை மீன் விக்கிறேல்லை ரீச்சர். கரையிலை கூறிப்போட்டு வந்திடுவினம்."

"அது எல்லாம் ஒண்டுதானே."

ரீச்சர் கைபிடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். குரல் கனிந்திருந்தது.

"இஞ்சை பார். நீ வெக்கப்படுறாய். அதுதான் பிழை. எத்தினை காலத்துக்கு வெள்ளைக்காரன்ரை ராசாத்தியாய் நடிக்கப்போறியள்? உன்ரை வாழ்க்கையை இங்கிலீசிலை சொல்ல நான் உனக்கு ஒரு இடம் தந்திருக்கிறன். தலையை நிமித்திச் சொல்லு."

அந்தப் பேச்சை நான் பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில், எத்தனையோ நல்ல மனிதர்களின் வாயால் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அந்த மை படிந்த விரல்கள் கண்ணில் தெரியும்.

மறுத்தால் வேறு பாத்திரம் இல்லை. பாத்திரம் இல்லாவிட்டால் ஐயாவின் சொல் நிற்கும். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அக்கா சொன்னாள்: "ஐயாக்கு இங்கிலீசு விளங்காது. அது நல்லதாப் போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போதெல்லாம் வசனங்களைச் சொல்லிப் பார்த்தாள். அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "என்னடி உது, ஆரோடை கதைக்கிறாய்?" என்றார்.

"ஒரு பொம்பிளை ஒரு வீட்டை வந்து கதைக்கிறா அம்மா."

"என்ன பொம்பிளை?"

"யாவாரம் செய்யிற பொம்பிளை."

"ஓ, பெரிய யாவாரியோ?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "எங்கடை அப்பு ரங்கூனுக்குப் பாய்க்கப்பல் விட்டவர். உனக்கு அந்தக் குரல் வரத்தானே வேணும்."

நாடகத்துக்கு வீட்டிலிருந்து ஒரு கடகம் கொண்டுவரும்படி ரீச்சர் கேட்டார். இல்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். கடைசியில் ரீச்சரே தாம் தங்கியிருந்த வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணிடம் கூடையை இரவல் வாங்கி வந்தார். ஆங்கில நாடகத்துக்குத் தன் கூடையைக் கொடுத்த அந்தப் பெண்ணை விழாவுக்கு வரச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

விழா நாளில் தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வரவில்லை. ஐயா வெள்ளை வேட்டி கட்டிச் சால்வை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நேரத்தோடு போனார். முன்வரிசைகளில் கதிரைகள், பின்னால் நீண்ட மர வாங்குகள். கதிரைகள் பல வெறுமையாக இருந்தன. ஐயா யாரும் சொல்லாமலே கடைசி வாங்கில் போய் அமர்ந்தார்.

மேடையில் உண்மையான ஓலைப் படலை ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு கதிரையும் பூச்சாடியும். அக்கா கூடையைத் தலையில் வைத்து வெளிப்பக்கத்தால் வந்தாள். அந்தக் கூடையில் ஊறியிருந்த மீன் நாற்றம் முன்வரிசைக்கு எட்டியிருக்க வேண்டும். யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு செல்லமாகச் சிரித்தார்கள். பிறகு அக்கா பேசினாள். கூவினாள், கெஞ்சினாள், விலையைக் குறைத்தாள், கடல் கொந்தளித்த கதை சொன்னாள். எல்லாம் ஆங்கிலத்தில், ஓர் இடத்திலும் தடக்காமல், மண்டபத்தின் கடைசி வாங்குக்கும் கேட்கும்படி. படலைக்கு உள்ளே நின்ற அப்புக்காத்தின் மகள் இடைக்கிடை மீனைக் குறை சொன்னாள். மண்டபம் சிரித்தது, கைதட்டியது. கல்வித் திணைக்களக் கந்தோரிலிருந்து வந்த பிரதம விருந்தினர் தம் பேச்சில் அக்காவைத் தனியாகக் குறிப்பிட்டார்: "அந்தப் பிள்ளைக்கு நடிக்கவே தேவையில்லை, எவ்வளவு இயல்பு!" அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. ரீச்சர் மேடையோரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஐயாவும் கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார்.

வீட்டு முற்றத்தில் கால் வைத்ததுமே அவர் சொல்லத் தொடங்கினார். "கேட்டியே, எங்கடை பிள்ளை ஒரு மூச்சிலை என்ன கதை கதைச்சாள்! அப்புக்காத்தின்ரை பெட்டை வாயைத் திறந்ததே இல்லை எண்டு சொல்லலாம். அண்ணை இனி வந்து கதைக்கட்டும் பாப்பம்!"

தம்பியைத் தோளில் போட்டிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்கை நிண்டு கதைச்சவள்?"

ஐயாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "மேடையிலைதான்."

"மேடையிலை எங்கை?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவே சொன்னாள்: "படலைக்கு வெளியிலை. மீன் வித்தனான்."

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐயா வாக்குத் தவறவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் பஸ்ஸுக்குச் சில்லறையை எடுத்து வைத்தார். அக்கா எழுந்து முகம் கழுவி, சட்டையை மாற்றாமல் அடுப்படியில் போய் இருந்தாள்.

"ஏன் பிள்ளை போகேல்லை?"

"நான் இனிப் போகமாட்டன்."

"உனக்கென்ன விசரோ? நல்லாய்த்தானே கதைச்சனீ?"

"ஓம் ஐயா. நல்லாய்க் கதைச்சனான். அதுதான்."

ஐயா அதட்டினார், பிறகு கெஞ்சினார். இவ்வளவு வென்று கொடுத்த பிறகு மகள் ஏன் தோற்றவள்போல் இருக்கிறாள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நெடுநாள் அவர் அதைச் சோம்பல் என்றே நினைத்தார். கடைசியில் அக்கா ஒரு பேச்சுக்கு இணங்கினாள்: "ரீச்சர் எங்கடை வீட்டை வரட்டும். உள்ளை வந்து, கதிரையிலை இருந்து, என்னை வா எண்டு கூப்பிடட்டும். போறன்."

ஐயா பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே, "பிள்ளை வரப் பஞ்சிப்படுறாள், நீங்கள் ஒருக்கால் வந்து சொன்னால் கேப்பாள்" என்று மட்டும் சொன்னாராம். உள்ளே வந்து இருக்கவேண்டும் என்பதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வருகிறவர் வீட்டுக்குள் வருவாரா என்று ஓர் ஆசிரியையிடம் எப்படிக் கேட்பது?

"ஓம், ஓம், கட்டாயம் வாறன். அவளை விடேலுமோ?" என்றாராம் ரீச்சர்.

அக்கா இப்போது கடல் கடந்த நாட்டில் மகனோடு இருக்கிறாள். சென்ற மாதக் கூட்டம் முடிந்த அன்று தொலைபேசியில் அந்த வண்ணத்தாளைப் பற்றிச் சொன்னேன். "இப்பவும் வெளியிலைதான் நிக்கிறாளோ?" என்றாள். நான் ஓம் என்றேன். "வெயிலோ, நிழலோ?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுடைய மகனும் மருமகளும் ஆங்கிலத்திலேயே வாழ்கிறார்கள். வைத்தியரிடம் போனாலும் மகன் மொழிபெயர்க்க வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரைப் பாடத்தில் வைக்கவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வையுங்கள். எழுதுகிறவர்கள் யாருடைய முற்றத்தில் கதிரை போட்டு இருந்து எழுதுகிறார்கள் என்று அந்த விரிவுரையாளரிடம் ஒருவராவது கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை. அது போகட்டும். ரீச்சர் வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

அது ஒரு சனிக்கிழமைக் காலை. அம்மா முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். கதிரையைக் கழுவி விறாந்தையில் வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார். ஒருவருக்கும் சொல்லாமல் கடையில் ஒரு சோடாவும் வாங்கி ஓரமாக வைத்திருந்தார். அக்கா அதைக் கண்டுவிட்டாள்.

"உது வேண்டாம் அம்மா. தேத்தண்ணி போடுங்கோ."

"குடிக்காட்டில்?"

"குடிப்பா."

அம்மா சோடாவை எடுத்து உள்ளே வைத்தார். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றி மூடினார். அக்கா நல்ல சட்டையைப் போட்டிருந்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவள் முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒளி இருந்தது. வருவார் என்று நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

"வீட்டுக்காரர்!" என்று குரல் கேட்டது.

ஐயா ஓடிப்போய்ப் படலையைத் திறந்தார். "வாங்கோ ரீச்சர், உள்ளை வாங்கோ."

"பறவாயில்லை, இதிலையே நிக்கிறன்." ரீச்சர் குடையை மடக்காமல் படலைக்கு வெளியே நின்றார். அங்கே நின்றபடியே அன்போடு பேசினார். இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது பாவம் என்றார். கந்தோர் அதிகாரி இன்னும் அவளைப் பற்றிக் கேட்பதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு இன்னும் பெரிய நாடகம் போடலாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஐயா தலையாட்டினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் இடையில் திரும்பி விறாந்தையைப் பார்த்தார்.

அக்கா எழுந்தாள். அகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய், படலையை அதன் முழு அகலத்துக்கும் தள்ளித் திறந்தாள். நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்: தயவுசெய்து உள்ளே வாருங்கள் அம்மணி, எங்கள் விறாந்தையில் இருந்து ஒரு தேநீர் குடியுங்கள்.

ரீச்சரின் முகம் மலர்ந்துபோயிற்று. ஐயாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களோ! என்ன வடிவான உச்சரிப்பு! உதைத்தான் நான் சொல்லுறன்."

அக்கா இப்போது தமிழில் சொன்னாள்: "உள்ளை வாங்கோ ரீச்சர்."

ரீச்சரின் கண் ஒரு கணம் விறாந்தைக்குப் போய், வெள்ளைத் துணி விரித்த கதிரையில் பட்டு, திரும்பியது. "இன்னொரு நாளைக்கு வாறன் பிள்ளை. பஸ் வந்திடும்."

"சரி ரீச்சர்" என்றாள் அக்கா. அகராதியை இரு கையாலும் நீட்டினாள். ரீச்சர் வாங்கிக்கொண்டு, "திங்கட்கிழமை வா, என்ன?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் பஸ் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வீதியால் போய் வருபவர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா படலையைச் சாத்தினாள். விறாந்தைக்கு வந்து, வெள்ளைத் துணியை மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அந்தக் கதிரையில் தானே இருந்து, மூடியிருந்த தேத்தண்ணியை எடுத்து அடிமட்டும் குடித்தாள். நான் வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியின் எதிர்ப்பக்கத்தில், வெயிலில், குடையை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு ரீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.